இளவரசியைக் காப்பாத்திட்டேன் மக்களே!

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு நான் இளவரசியைக் காப்பாத்திட்டேன். ஜாஃபர் செத்துட்டான். கதவு திறந்துச்சு. உள்ள போனா அந்தப் பொண்ணு நிக்குது. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு எலி ஓடி வந்துச்சு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. ஹாஸ்டல் ரூம்ல தனியா உக்காந்து கை தட்டினேன். பக்கத்து ரூம் பொண்ணு சுவத்தைத் தட்டினா. அது பாராட்டு இல்லைன்னு நினைக்கிறேன் :-)

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989ல வந்த கேம். நான் பொறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடி. நான் அதை முதல்ல தொட்டது 2003ல, அஞ்சாங்கிளாஸ் முடிச்ச லீவுல. முடிச்சது போன சனிக்கிழமை. ஒரு மணி நேரத்துல முடிக்க வேண்டிய கேமை முடிக்க எனக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. என் தீசிஸோட வேகத்தைப் பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. (சார் இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல எழுதறேன். யாரும் போட்டுக் குடுக்காதீங்க.)

சரி, கொசுவத்தி சுத்துவோம்.

எங்க ஊர் கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினார். வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம்: எங்க பக்கம் தீப்பெட்டி ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, குச்சி அடுக்கற இடத்துக்கும் ஆபீஸ்னுதான் பேரு. அந்த ஆபீஸ்ல 2003ல புது கம்ப்யூட்டர் வாங்கினப்போ பழசை அப்பா தலையில கட்டிட்டாங்க. மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்கற மாதிரி ஏற்பாடு. டிவிஎஸ் ஐம்பதுல பின்னாடி நான் மானிட்டரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா அதுக்கு ஒரு பூப்போட்ட துணி தச்சுப் போட்டாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேத்தினதும் துணியை எடுக்கலாம், எட்டு மணிக்கு மூடிடணும். நிற்க.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள தீப்பெட்டிக் கணக்கு, ரெண்டு மூணு கடிதம், அப்புறம் ஒரு ஃபோல்டர்ல இந்த கேம். ஆபீஸ்ல யார் ஆடினாங்களோ, அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும். அப்பாவாத்தான் இருக்கும்னு அண்ணனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவர் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலை.

அண்ணனுக்கு அப்போ பதினஞ்சு வயசு, எனக்குப் பத்து. ஒரே கீபோர்டு. ஜனநாயக முறைப்படி பங்கு பிரிச்சோம். அம்புக்குறி நாலும் அவனுக்கு. ஷிஃப்ட் மட்டும் எனக்கு.

ஏமாத்திட்டான்னுதான் முதல்ல நினைச்சேன். ஆடிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்த கேம்ல ஷிஃப்ட் இல்லாம ஒண்ணுமே நடக்காது. ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டு நடந்தா இளவரசன் ஒவ்வொரு அடியா பாத்துப் பாத்து வைப்பான், கீழ இருந்து முளைக்கற ஈட்டி மேல கால் படாது. மருந்து பாட்டிலை எடுத்துக் குடிக்க ஷிஃப்ட். பள்ளத்தைத் தாண்டறப்போ எதிர்ச் சுவர் விளிம்பைப் பிடிச்சுத் தொங்க ஷிஃப்ட். வாள் சண்டையில குத்தறதும் ஷிஃப்ட்தான். அண்ணன் மேல் அம்பை அமுக்கி எதிரி வாளைத் தடுப்பான், "இப்ப!"ன்னு கத்துவான், நான் குத்துவேன். அப்போ கொன்னது பூரா நான்தான், ஹீரோ மட்டும் அவன். எல்லா வீட்லயும் நடக்கறதுதானே :-)

தொங்கறப்போதான் ஆபத்து. நான் ஷிஃப்ட்டை விட்டா அவன் விழுந்துடுவான். மூணு மாடி உயரத்துல இருந்து விழுந்தா உடனே சாவு. ஒரு தடவை கால்ல கொசு கடிச்சுதுன்னு கையை எடுத்துட்டேன். தலையில விழுந்த குட்டு இன்னும் ஞாபகம் இருக்கு. "நீ விட்டா நான் செத்துருவேன்ட்டி, தெரியுமா தெரியாதா?"ன்னு கத்தினான். அடுப்படியில இருந்து அம்மா பதறிப்போய் ஓடி வந்தாங்க.

கேம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ராஜா வெளியூர் போயிருக்கார். மந்திரி ஜாஃபர் இளவரசிகிட்ட 'என்னைக் கட்டிக்கோ, இல்லைன்னா செத்துப்போ, ஒரு மணி நேரம் டைம்'னு சொல்லிட்டு ஒரு மணற்கடிகாரத்தைத் திருப்பி வைக்கறான். அவ காதலன் பாதாளச் சிறையில கிடக்கான். அங்க இருந்து கிளம்பி நிஜமான அறுபது நிமிஷத்துக்குள்ள மேல வரணும். எத்தனை தடவை வேணா சாகலாம், அந்த லெவலோட ஆரம்பத்துல இருந்து மறுபடி எழுந்துக்கலாம். ஆனா கடிகாரம் நிக்காது. செத்தாலும் ஓடும், யோசிச்சாலும் ஓடும். இன்னிக்கு வர்ற கேம்கள்ல லட்சம் ரூபாய்க்கு கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் இந்த மாதிரி வயித்தைக் கலக்கற ஐடியா அபூர்வம்.

இதுல எங்க பிரச்சனை என்னன்னா, சேவ் பண்ணலாம்ங்கறதே எங்களுக்குத் தெரியாது. கண்ட்ரோலும் ஜியும் சேர்த்து அமுக்கினா சேவ் ஆகும்னு நான் கண்டுபிடிச்சப்போ எனக்கு இருபத்தியெட்டு வயசு. அன்னிக்கு ஒவ்வொரு நாளும் முதல் லெவல்ல இருந்துதான். கரண்ட் போனா போச்சு. யுபிஎஸ்லாம் இல்ல. ஒன்பதாவது லெவல்ல இருக்கறப்போ தெரு இருட்டாகும். அண்ணன் இருட்டுக்குள்ளயே கொஞ்ச நேரம் அம்புக்குறியை அமுக்கிக்கிட்டு இருப்பான், பாவம்.

2004 மே மாசம். அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதிட்டு சும்மா இருந்த லீவு. அன்னிக்கு என்னவோ கரண்டும் போகலை, அம்மாவும் எட்டு மணிக்குத் துணியோட வரலை. பன்னண்டாவது லெவலுக்குப் போய்ட்டோம். மேல ஏறி ஏறிப் போனா அங்க ஒருத்தன் நிக்கறான். எங்கள மாதிரியே இருக்கான். நிழலுருவம்.

அவனை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நாலாவது லெவல்ல ஒரு கண்ணாடி வரும். ஓடிப்போய் அதுக்குள்ள தாவணும். தாவினா நாம இந்தப் பக்கம் வருவோம், கண்ணாடியில இருந்து நம்ம நிழல் அந்தப் பக்கம் ஓடிப் போயிடும். நம்ம உயிர் ஒரே ஒரு சொட்டு மிச்சம் இருக்கும். அப்புறம் அந்த நிழல் பண்ற அட்டகாசம் கொஞ்சமில்ல. அஞ்சாவது லெவல்ல நாம குடிக்கப் போற மருந்தை நம்ம கண்ணு முன்னாடியே குடிச்சிட்டுப் போகும். ஆறாவது லெவல்ல நாம தாவறப்போ சரியா கதவை மூடி நம்மள பள்ளத்துல தள்ளும். அண்ணனுக்கு ஜாஃபரை விட அவன் மேலதான் வெறி.

அன்னிக்கு அவன் கைக்கு எட்டற தூரத்துல. "குத்துட்டி!"ன்னான். குத்தினேன். அவனுக்கு ஒரு உயிர் குறைஞ்சுது. எங்களுக்கும் ஒண்ணு குறைஞ்சுது. மறுபடி குத்தினேன். மறுபடி ரெண்டு பக்கமும் குறைஞ்சுது. கடைசிக் குத்துல அவனும் காலி, நாங்களும் காலி. அந்த லெவல் மறுபடி முதல்ல இருந்து. ஏறினோம். குத்தினோம். செத்தோம். நான் தப்பாக் குத்தறேன்னு சொல்லி ஷிஃப்ட்டையும் அவனே எடுத்துக்கிட்டான். அவனும் செத்தான். மணற்கடிகாரம் காலி.

அந்த வருஷம் அவன் பிளஸ் ஒன், ட்யூஷன், என்ட்ரன்ஸ்னு போய்ட்டான். கம்ப்யூட்டர் ஒருநாள் டப்புன்னு சத்தம் போட்டுட்டு கருகின வாசம் வந்துச்சு. சரி பண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்னு கடைக்காரர் சொன்னார். புதுசு வாங்கலை. பூப்போட்ட துணி மிக்ஸி மேல போச்சு.

இப்போ 2021. நான் பிஎச்டி சேர்ந்து ஊரடங்குல வீட்டோட கிடந்த காலம். லேப் பூட்டிக் கிடக்கு, சாம்பிள் எல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்ள. முடிக்க வேண்டிய வேலை எதையும் முடிக்க முடியாதப்போ மனுஷன் என்ன பண்ணுவான்? வேற எதையாவது முடிக்கப் பாப்பான். நான் ஒரு பழைய நோட்டுல, வாழ்க்கையில பாதியில விட்ட கேம்களோட பட்டியல் போட்டேன். பதினொண்ணு வந்துச்சு. பாதியில விட்ட மத்த விஷயங்களைப் பட்டியல் போடலை. அதுக்கு நோட்டு பத்தாது.

பழைய கேம் ஆடறது இப்போ ரொம்ப சுலபம். டாஸ்பாக்ஸ்னு ஒரு மென்பொருள், 2002ல இருந்து இருக்கு, புதுக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும். அது கூட வேண்டாம்னா இன்டர்நெட் ஆர்கைவ் 2015 ஜனவரியில ரெண்டாயிரத்துக்கு மேல டாஸ் கேம்களை பிரவுசர்லயே ஆடற மாதிரி போட்டாங்க. ஆனா இந்த சுலபத்தைப் பார்த்து எல்லாம் பத்திரமா இருக்குன்னு நினைச்சுடாதீங்க. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் இப்போ கடையில காசு குடுத்தாலும் கிடைக்காது. புது கேம்கள் கதை இன்னும் மோசம். தி க்ரூன்னு ஒரு கார் ரேஸ் கேம், 2014ல வந்தது, ஆடணும்னா எப்பவும் இணையத்துல இருக்கணும். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை மூடினாங்க, அன்னியோட செத்துது. காசு குடுத்து வாங்கினவனும் ஆட முடியாம போச்சு. என்னை மாதிரி இருபது வருஷம் கழிச்சு வந்து முடிக்கறேன்னு சொல்ற சோம்பேறிகளுக்கு அந்த மாதிரி கேம்ல இடமே இல்ல. 1989ல வந்தது எனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு, 2014ல வந்தது காத்துக்கலை. இது எந்த ஊர் நியாயம்?

பட்டியல்ல முதல்ல முடிச்சது ப்ராஜெக்ட் ஐஜிஐ. 2000 டிசம்பர்ல வந்தது, நார்வேக்காரங்க பண்ணது. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர் எல்லாத்துலயும் இருந்துச்சு, அதை உருவாக்கினவங்களுக்கே இங்க இவ்வளவு ரசிகர்கள் இருக்கறது தெரியுமான்னு தெரியலை. மாமா பையன் வீட்ல பாத்துப் பாத்து ஏங்கினது. மொத்தம் 14 மிஷன். நடுவுல சேவ் பண்ண வழியே கிடையாது. அரை மணி நேரம் ஊர்ந்து போய், கேமராவை அணைச்சு, கடைசி ஆளைத் தவிர எல்லாரையும் முடிச்சு, கதவுகிட்ட வர்றப்போ எங்க இருந்தோ ஒருத்தன் சுட்டுருவான். முதல்ல இருந்து. சின்ன வயசுல மாமா பையன் மவுஸைத் தூக்கி அடிச்சது ஏன்னு இப்போதான் புரிஞ்சுது. 2022 பிப்ரவரியில முடிச்சேன். முடிவு சுமார். அதுக்காக யாரும் ஆட வேண்டாம்.

அடுத்தது வைஸ் சிட்டி. இதுல ஒரு விஷயத்தை வெக்கத்தோட ஒத்துக்கணும். காலேஜ் ஹாஸ்டல்ல தோழியோட லேப்டாப்ல ஒரு வருஷம் பூரா இதை ஆடியிருக்கேன். ஆனா இதுக்கு ஒரு கதை இருக்குன்னே எனக்குத் தெரியாது. சீட் கோடு அடிச்சா டாங்க் வானத்துல இருந்து விழும், அதுல ஏறி ஊரைச் சுத்துவோம், போலீஸ் துரத்தும், கடல்ல விழுந்து சாவோம், இதுதான் கேம்னு நினைச்சேன். மிஷன் பண்ணப் போனவங்க எல்லாரும் ஒரே இடத்துல நின்னுட்டாங்க. உங்களுக்கும் தெரியும் அந்த இடம். ஒரு வேனுக்குள்ள உக்காந்து பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி, கட்டி முடிக்காத கட்டடத்துக்குள்ள நாலு மாடியில நாலு குண்டு வைக்கணும். எங்க ஹாஸ்டல்ல அதை முடிச்ச ஒரே ஒரு பொண்ணு இருந்தா. அவளுக்கு மெஸ்ல தனி மரியாதை.

இப்போ ஆடறப்போ பொறுமையா யோசிச்சேன். முதல் குண்டைத் தூக்கற வரைக்கும் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது! அதுவரைக்கும் எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கலாம். கட்டடத்துக்குள்ள மெதுவாப் போய், படிக்கட்டு எங்க இருக்குன்னு பாத்து, சுத்தியல் எடுத்துக்கிட்டு அடிக்க வர்ற ஆளுங்களை எல்லாம் இறக்கையாலயே அனுப்பி வச்சிட்டு, அப்புறமா வந்து முதல் குண்டைத் தூக்கினா மிச்சமெல்லாம் அல்வா. இதைப் பத்து வருஷம் முன்னாடி ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலையே! அவசரப்பட்டு முதல் நொடியிலயே குண்டைத் தூக்கிட்டு ஓடினது நாங்கதான். (தீசிஸ் டாபிக்கை முதல் மாசத்துலயே முடிவு பண்ணினவ நான். வேண்டாம், அந்தப் பேச்சு.)

அப்புறம் லான்ஸ். கேம் பூரா நம்ம கூடவே சுத்தற நண்பன். அவன் கடைசி மிஷன்ல துரோகம் பண்ணுவான். 2002ல ப்ளேஸ்டேஷனுக்கும் 2003ல கம்ப்யூட்டருக்கும் வந்த கேம், உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம், எனக்கு மட்டும் போன வருஷ டிசம்பர்லதான் தெரிஞ்சுது. அரை மணி நேரம் ஆடிப்போய் உக்காந்திருந்தேன். தோழிக்கு மெசேஜ் போட்டேன், 'லான்ஸ் துரோகிடி'ன்னு. அவளுக்கு ரெண்டாவது குழந்தை பொறந்து மூணு வாரம். 'யார் லான்ஸ்?'னு கேட்டா.

வீடியோ பாத்து, வழி படிச்சு ஆடறது ஆட்டமான்னு லேப்ல ஒரு விவாதம் ஓடுச்சு. என் கட்சி இதுதான்: ஐஜிஐக்குப் பாத்தேன், வெக்கமில்ல. வைஸ் சிட்டிக்கு ரெண்டு இடத்துல பாத்தேன். பிரின்ஸுக்கு மட்டும் பாக்கறதில்லைன்னு வைராக்கியம். அது என் கேம் இல்ல, எங்க கேம். எங்க கேமுக்கு வெளியாள் வந்து சொல்லக்கூடாது.

ஆனா அதை உண்டாக்கினவரைப் பத்திப் படிச்சேன். வழியைப் படிக்கறது தப்பு, ஆளைப் படிக்கறது தப்பில்லைன்னு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். ஜோர்டன் மெக்னர். யேல் யுனிவர்சிட்டியில படிக்கறப்பவே கராத்தேக்கான்னு ஒரு கேம் பண்ணி, 1984ல வெளிவந்து ஹிட். பட்டம் வாங்கின 1985லயே அடுத்ததுக்கு வேலை ஆரம்பிச்சார். தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஒரு கார் நிறுத்தற இடத்துல ஓட விட்டு, தாவ விட்டு, ஏற விட்டு வீடியோ எடுத்தார். அந்த அசைவை ஒவ்வொரு சட்டமா பாத்து அப்படியே கம்ப்யூட்டர்ல வரைஞ்சார். அதான் இளவரசன் நிஜ மனுஷன் மாதிரி மூச்சு வாங்கறான். வாள் சண்டை 1938ல வந்த ராபின் ஹூட் படத்துல இருந்து எடுத்தது. இசை போட்டது யாருன்னு நினைக்கறீங்க? அவங்க அப்பா. உளவியல் படிச்ச மனுஷர், மகன் கேட்டார்னு பியானோவுல உக்காந்தார். தம்பி ஓடறான், அப்பா மெட்டுப் போடறார், இவர் உக்காந்து புரோகிராம் எழுதறார்.

நாலு வருஷம் ஆச்சு. நடுவுல சினிமாவுக்குக் கதை எழுதப் போறேன்னு மாசக்கணக்குல இதைத் தூக்கிப் போட்டார். அப்போ எழுதின டைரி பிற்பாடு புத்தகமாவே வந்துச்சு. இதை முடிப்பேனா, முடிச்சா யாராவது வாங்குவாங்களான்னு புலம்பற இடங்களைப் படிச்சப்போ எனக்கு அப்படி ஒரு ஆறுதல். அடுத்தவன் புலம்பறதுல கிடைக்கற ஆறுதல் இருக்கே, அது தனி ரகம். அவர் பயந்த மாதிரியே ஆச்சு. முடிச்சு வெளியிட்டப்போ அது ஓடற ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கே கடைசிக் காலம். விக்கலை. அப்புறம் மத்த கம்ப்யூட்டர்களுக்கு மாத்தினதுக்கு அப்புறம்தான் உலகம் பூரா போய், கடைசியில கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் வந்துச்சு.

அந்த நிழல் எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்குப் பிடிச்ச கதை. ஆப்பிள் 2ல நினைவகம் ரொம்பக் கம்மி. இளவரசனோட அசைவுகளே எல்லாத்தையும் தின்னுடுச்சு. எதிரின்னு ஒரு புது ஆளை வரைய இடமே இல்ல. எதிரியே இல்லாத கேமாத்தான் இருந்துச்சு. அப்போ தோணினதுதான், இளவரசன் படத்தையே எடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டு எதிரியா நிறுத்தறது. புது இடமே வேண்டாம். கைல காசில்லாததால வந்த வில்லன்! அதுக்கு அப்புறம் எப்படியோ இடத்தைக் கண்டுபிடிச்சு மத்த காவலாளிகளையும் சேர்த்தார். 2012ல அவங்க அப்பா வீட்டு அலமாரியில பழைய ஃப்ளாப்பிகள் கிடைச்சு, தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சிருந்த மூல நிரலை மீட்டு எல்லாருக்கும் வெளியிட்டார்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். சொல்லாம விட்டுடலாம்னுதான் பாத்தேன்.

2022 செப்டம்பர்ல அப்பாவுக்கு பைபாஸ். அண்ணன் ஷார்ஜாவுல. லீவு கிடைக்கலை. புது வேலை, சேர்ந்து ரெண்டு மாசம் கூட ஆகலை. பணம் அனுப்பினான், நிறையவே அனுப்பினான், நாளைக்கு நாலு தடவை ஃபோன் பண்ணினான். ஆஸ்பத்திரி வராந்தாவுல மூணு நாள் தூங்காம இருந்த நான், ஒரு ராத்திரி அவன் "எல்லாம் கரெக்டா கட்டிட்டியா?"ன்னு கேட்டதுக்கு, "நீ அனுப்பற காசுக்கு ரசீது போட்டு அனுப்பவா?"ன்னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. வச்சிட்டான்.

அப்பா நல்லா ஆயிட்டார். காலையில நடக்கப் போறார், உப்புக்கு சண்டை போடறார். அண்ணன் அடுத்த வருஷம் வந்தான், பன்னண்டு நாள் இருந்தான். சிரிச்சோம், கோயிலுக்குப் போனோம், ஃபோட்டோ எடுத்தோம். ஆனா அதுக்கப்புறம் எங்களுக்குள்ள பேச்சு, 'சாப்ட்டியா, அம்மா எப்படி, மழை உண்டா'ன்னு கஸ்டமர் கேர் மாதிரிதான். அவன் மறந்திருப்பான்னு நான் நினைச்சுக்கறேன். நான் மறக்கலை. அவன் மறந்திருக்க மாட்டான்னும் தெரியும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

சேவ் பண்ணத் தெரிஞ்சும் இந்த கேம் லேசு இல்ல. ஒரே ஒரு சேவ்தான் வச்சுக்கலாம், அதுல கடிகாரமும் சேர்ந்தே சேவ் ஆகும். ஏழாவது லெவல்ல இருபது நிமிஷத்தை வீணடிச்சிட்டு சேவ் பண்ணினா, தொலைஞ்ச நேரம் தொலைஞ்சதுதான். அப்படி நாலு ஆட்டம் வீணாச்சு. அஞ்சாவதுல பன்னண்டாவது லெவலுக்கு வந்தப்போ பதினாறு நிமிஷம் பாக்கி. ஒரு கையில அம்புக்குறி, ஒரு கையில ஷிஃப்ட். ரெண்டும் நானே. வசதியாத்தான் இருந்துச்சு.

அவன் நின்னுக்கிட்டு இருந்தான்.

குத்தினேன், செத்தேன். ஏறினேன், குத்தினேன், செத்தேன். தடுத்துக்கிட்டே மட்டும் இருந்து பாத்தேன். தாண்டிப் போக முடியுமான்னு பாத்தேன். ஒன்பது நிமிஷம் பாக்கி இருக்கறப்போ கையெல்லாம் வலி, கட்டைவிரல் மரத்துப்போச்சு. போதும்னு கையைத் தளர்த்தினப்போ விரல் கீழ் அம்புல பட்டுச்சு. இளவரசன் வாளை உறைக்குள்ள வச்சிட்டான். அய்யோ செத்தோம்னு பாத்தா, எதிர்ல அவனும் வாளை உள்ள வச்சிட்டான்!

அப்படியே நிக்கறான். நானும் நிக்கறேன். கடிகாரம் ஓடுது. மெதுவா ஒரு அடி, அப்புறம் அவன் மேலயே ஓடினேன். அவனும் என் மேல ஓடி வந்தான். ஒரு வெளிச்சம். ஆளைக் காணோம். நான் மட்டும் நிக்கறேன்.

இதுல தத்துவம் இருக்குன்னு லேப்ல ஒருத்தன் ஆரம்பிச்சான், பிபெட்டைக் காட்டி வாயை மூட வச்சேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல. கீழ் அம்பு. எங்க அண்ணன் பக்கத்துக் கீதான், அவன் விரலுக்குக் கீழயே இருந்துச்சு, 2004ல.

அதுக்கப்புறமும் அடுத்த பக்கம் பெரிய பள்ளம். தாண்டவே முடியாது. நிழலோட சேர்ந்த தைரியத்துல சும்மா ஓடிப் பாத்தேன், காலுக்குக் கீழ ஒவ்வொரு கல்லா முளைச்சுது. ஜாஃபர் சண்டை இதுக்கு முன்னாடி ஒரு விஷயமே இல்ல. ரெண்டு தடவை செத்து மூணாவதுல முடிச்சிட்டேன். நாலு நிமிஷம் மிச்சம்.

கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கற ஸ்கிரீனை மொபைல்ல ஃபோட்டோ எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ஒரு வார்த்தை கூட எழுதலை. என்ன எழுதறதுன்னு தெரியலை. ஷார்ஜாவுல மணி பத்தே கால் இருக்கும். ரெண்டு நீல டிக் வந்துச்சு. பத்து நிமிஷம் ஒண்ணும் வரலை. லேப்டாப்பை மூடிட்டுப் பல் தேய்க்கப் போய்ட்டேன்.

வந்து பாத்தா மூணு மெசேஜ்.

'ஏட்டி'

'பன்னண்டாவதுல அவனை எப்படிட்டி கொன்ன'

'சொல்லு'

'கொல்லலண்ணே. வாளை உள்ள வைக்கணும்'னு போட்டேன். உடனே ஃபோன் அடிச்சுது. எடுத்ததும் "ச்சே!"ன்னான். அப்புறம் "ச்சே, ச்சே, ச்சே!" அப்புறம் சிரிச்சான், பதினஞ்சு வயசுல சிரிச்ச மாதிரி, மூக்குல இருந்து. எந்தக் கீ, எத்தனை நிமிஷம் பாக்கி, அதுக்கப்புறம் என்ன வருது, இளவரசி ஏதாவது பேசுதா, எலி எதுக்கு வருதுன்னு எல்லாம் கேட்டான். எலி எட்டாவது லெவல்லயே வந்து கதவைத் திறந்து விடுமே, அது இளவரசியோட எலிண்ணேன்னு சொன்னேன். அதுகூட அவனுக்கு மறந்துபோச்சு. ஒன்றரை மணி நேரம் பேசினோம். நடுவுல ஒரு இடத்துல, "அன்னிக்கு ஆஸ்பத்திரியில..."ன்னு நான் ஆரம்பிச்சேன். "அது கிடக்கட்டும்ட்டி, டாஸ்பாக்ஸ் எங்க இருந்து எறக்கணும், அதைச் சொல்லு"ன்னான்.

நேத்து அவன் மகனை மடியில வச்சிக்கிட்டு வீடியோ கால்ல வந்தான். பயலுக்கு ஆறு வயசு. மூணாவது லெவல்ல அந்த எலும்புக்கூட்டுக்கிட்ட மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. எத்தனை குத்து குத்தினாலும் சாக மாட்டேங்குது, அதை என்ன பண்ணணும்னு கேட்டான். எனக்குத் தெரியும். சொல்லலை. பயல் ஒரு விரலால ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டு ரொம்ப சீரியஸா திரையைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

டிஸ்கி 1: பட்டியல்ல இன்னும் எட்டு பாக்கி. அடுத்தது கேப்டன் கிளா. அந்தப் பூனை என்னைப் படுத்தின பாட்டைத் தனியா எழுதறேன்.

டிஸ்கி 2: சார், ஒருவேளை நீங்க இதைப் படிச்சிட்டா, அஞ்சாவது அத்தியாயம் வெள்ளிக்கிழமை உங்க மேசையில இருக்கும். சத்தியமா.